காத்தோங் வீடுகளில் குளிக்கும் இடம்

சிங்கப்பூரின் கிழக்கே காத்தோங் வட்டாரத்தில் பழைய ஈரடுக்கு வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கூன் செங் சாலையிலும் ஜூ சியாட் சாலையிலும் உள்ள பல வீடுகளின் முகப்பில் பூ ஓடுகளும் சுண்ணாம்புச் சாந்தில் செய்த பூவேலைகளும் கண்ணைக் கவர்கின்றன. ஜூ சியாட் பகுதி 1993-ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் தேசிய மரபுடைமைக் கழகம் அதனை மரபுடைமை நகரெனச் சிறப்பித்தது. இந்த வீடுகளைப் புதுப்பிப்போர் பலர், குளியலறையும் பழைய முறையிலேயே அமைய வேண்டுமென விரும்புகின்றனர். அடுக்குமாடி வீட்டில் குடியிருப்போரிடமும் அந்த ஆசை பரவியுள்ளது.

விருப்பம் நல்லதே. ஆனால் மூலையில் ஒரு மண்சாடி, அதன்மேல் ஒரு செம்பு, சுவரில் நாலைந்து பூ ஓடுகள் என்று வைத்துவிட்டால் பழைய குளியலறை வந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். முன்னோர் குளித்த இடத்தை உருவாக்கியவை நீர், சரிவு, காற்று ஆகிய மூன்றும் ஆகும். நீர் எங்கிருந்து வருகிறது, எதில் தங்குகிறது, எவ்வழி வடிகிறது, ஈரம் எப்படி உலர்கிறது என்ற கேள்விகளுக்கு அவர்கள் கண்ட விடையே அந்த இடத்தின் வடிவம். விடையை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், கொசுவும் வழுக்கலும் கசிவும் உடன் வந்து சேரும்.

கடலும் கிணறும்

இன்றைய காத்தோங்கில் கடற்கரைக்குச் செல்லச் சிறிது தூரம் நடக்க வேண்டும். முன்னர் கடல் வீட்டு வாசலருகே இருந்தது. 1966-இல் தொடங்கிய ஈஸ்ட் கோஸ்ட் நிலமீட்புத் திட்டம் கரையைத் தள்ளிப் போட்டது. மரின் பரேட் அடுக்குமாடி வீடுகள் அவ்வாறு மீட்ட நிலத்தில் எழுந்தவை. அதற்கு முன், கடலோரப் பங்களாக்களில் வாழ்ந்தோர் அலையின் நடுவே கம்பங்களை நட்டு வேலி கட்டிக் குளித்தனர். வேலியை மலாய் மொழியில் ‘பாகார்’ என்பர். கடலில் நீராடியவர்க்கும் உப்பைக் கழுவ நல்ல நீர் வேண்டும். அதற்கு வீட்டுக் கிணறும் குழாயும் உதவின.

இந்த வட்டாரத்தோடு தமிழர்க்கு நெருங்கிய தொடர்பு உண்டு. சிலோன் சாலையில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் இலங்கைத் தமிழர் வளர்த்த கோயில். குளக்கரையில் ஒரு செண்பக மரத்தருகே விநாயகர் சிலை கிடைத்ததென்றும், அதுவே கோயிலின் தொடக்கமென்றும் ஆலய வரலாறு கூறுகிறது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுத்தர் வேலைக்கும் இரயில்வே வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத்தார், குளிப்பதென்றால் கிணற்றடியை நினைப்பவர்கள். துலாவால் இறைத்த நீர் தொட்டியில் விழும். குளிப்போர் கல்தரையில் நின்று மொண்டு ஊற்றிக்கொள்வர். வழிந்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் பாயும். வெயிலும் காற்றும் தரையை விரைவில் உலர்த்திவிடும். தமிழ்நாட்டு வீடுகளின் கொல்லைப்புறத்திலும் இதே முறைதான். மலக்கூடம் அங்கிருந்து தள்ளியே இருக்கும்.

கடைவீட்டின் அமைப்பு

கிணற்றடிக்கு மனையில் இடம் வேண்டும். காத்தோங்கின் வரிசை வீட்டில் அவ்வளவு இடம் கிடையாது. அகலம் குறைவு, நீளம் மிகுதி. இருபக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொதுவானவை. அவற்றில் சன்னல் வைக்க முடியாது. ஆகவே நீண்ட வீட்டின் நடுவே கூரையைத் திறந்து விட்டனர். இந்தத் திறந்த முற்றமே காற்றுக் கிணறு. வெப்பக் காற்று அதன் வழியே மேலெழுந்து போகும், வெளிச்சம் இறங்கும், மழை நீர் தாழ்ந்த தரையில் விழுந்து வடிகாலில் ஓடும். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைக் கண்டவர்க்கு இது புதியதன்று.

சமையலும் குளியலும் துவைப்பும் இந்த முற்றத்தை ஒட்டியோ வீட்டின் பின்கோடியிலோ நடந்தன. நீர் புழங்கும் வேலைகள் யாவும் வடிகாலுக்கு அருகில் கூடியிருந்தன. மேல்மாடியில் குளியலறை வைக்கும் வழக்கம் பழைய கடைவீட்டில் பெரும்பாலும் இல்லை. அங்குத் தரை மரப்பலகையால் ஆனது. ஈரம் அதற்குப் பகை.

கழிப்பிடம் பின்சுவரை ஒட்டித் தனியே இருந்தது. அதன் அடியில் வாளி வைக்கப்பட்டிருக்கும். பின்புறத்துச் சிறு கதவைத் திறந்து தொழிலாளர் அதனை எடுத்துச் செல்வர். சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்த பேராசிரியர் சிம்சன், நெருக்கமான வீடுகளுக்குப் பின்சந்து வேண்டுமென 1907-ஆம் ஆண்டு அறிக்கையில் வற்புறுத்தினார். காற்றும் வெளிச்சமும் புகவும், கழிவை வீட்டுக்குள் சுமந்து செல்லாதிருக்கவும் அது வழி செய்தது. வாளி முறை சிங்கப்பூரில் முற்றாக மறைந்தது 1987-இல்தான்.

பழைய முறையின் முதற் பாடம் இதிலிருந்து கிடைக்கிறது. குளிக்கும் இடமும் கழிப்பிடமும் வெவ்வேறு. இன்று இரண்டும் ஒரே அறையில் வந்துவிட்டன. இடம் இருப்பவர்கள் ஒரு தடுப்புச் சுவராவது எழுப்பிப் பிரித்தல் நலம். ஒருவர் குளிக்கையில் மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. கழிப்பிடத் தரையும் ஈரமின்றி இருக்கும்.

சாடி ஏன் வந்தது?

குளிப்பதை மலாய் மொழியில் ‘மண்டி’ என்பர். சாடியில் அல்லது ஓடு பதித்த தொட்டியில் நீரை நிரப்பி, மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதே மண்டிக் குளியல். மலாய்க்காரர், பெரானாக்கான் சீனர், தமிழர் என எல்லோரும் மேற்கொண்ட முறை இது. வெயிலில் அலைந்து வந்தவர்க்கு மண்சாடியில் குளிர்ந்த நீர் தந்த சுகம் தனிச் சுகமே.

எனினும், சுகத்துக்காக மட்டும் சாடி வைக்கப்படவில்லை. நீர் எப்போதும் வராத காலத்தில் அது சேமிப்புக் கலம். நகருக்குக் குழாய் நீர் கொண்டுவர 1857-இல் தான் கிம் செங் என்ற செல்வர் 13,000 வெள்ளி கொடுத்தார். இன்று மெக்ரிட்சி என வழங்கும் நீர்த்தேக்கம் 1868-இல் முடிந்தது. அதன் பின்னும் பல வீடுகள் கிணற்றையும் பொதுக் குழாயையும் நம்பியிருந்தன. 1963-64-இல் மழை பொய்த்து நீர் பங்கிடப்பட்டபோது, வாளியும் சாடியும் வீட்டுக்கு வீடு நிரம்பி நின்றன. இன்று குழாயைத் திருகினால் நீர் வருகிறது. சேமிக்க வேண்டிய தேவை போய்விட்டது.

அப்படியானால் சாடிக்கு இனி வேலையே இல்லையா? ஒரு வேலை உண்டு. அது அளவைக் கற்பிக்கும். நிமிடத்துக்கு 9 லிட்டர் பாயும் தூவாலையின்கீழ் 5 நிமிடம் நின்றால் 45 லிட்டர் செலவாகும். ஒரு லிட்டர் செம்பால் 20 முறை ஊற்றிக் குளித்தால் 20 லிட்டர் போதும். சிங்கப்பூரில் வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்குப் பயன்படுத்திய நீர் 2003-இல் 165 லிட்டராக இருந்து, 2023-இல் 141 லிட்டராகக் குறைந்தது. 2030-க்குள் அதனை 130 லிட்டராக்குவது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு. மொண்டு குளிப்பவர் தாம் செலவிடும் நீரைக் கண்ணால் காண்கிறார். சாடி காலியாவது தெரிகிறது.

சாடியும் கொசுவும்

அதே சாடி உயிருக்கு ஊறும் விளைவிக்கும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, குட்டையையும் சாக்கடையையும் விட, வீட்டுக்குள் தெளிந்து நிற்கும் நீரை விரும்பும். சாடி, பூச்சாடித் தட்டு, எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் காலடியில் வைக்கும் நீர்க்கிண்ணம் ஆகியவை அதன் பிறப்பிடங்கள். சிங்கப்பூரில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் 1968-இல் வந்தது. அதற்குப் பிறகும் டெங்கி விட்டபாடில்லை. 2020-இல் மட்டும் 35,000-க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர்.

இக்கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் முட்டையிடும். முட்டை உலர்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். நீர் பட்டவுடன் பொரிக்கும். இந்நாட்டு வெப்பத்தில் முட்டை கொசுவாகச் சற்றேறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே பழைய நீரைக் கொட்டிப் புதிய நீரை ஊற்றினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாராலோ தூரிகையாலோ தேய்த்துக் கழுவ வேண்டும். பாட்டிமார் சாடியைக் கவிழ்த்துத் தேய்த்த பழக்கத்தில் இருந்த அறிவு இதுதான்.

சாடி வைக்க விரும்புவோர்க்கு மூன்று விதிகள் போதும். முதலாவது, அன்றைக்கு வேண்டிய நீரை மட்டும் நிரப்பி, குளித்து முடித்ததும் காலி செய்தல். இரண்டாவது, நீரை வைத்திருப்பதாயின் இடைவெளியின்றி மூடுதல். மூன்றாவது, வாரம் ஒருமுறையேனும் தேய்த்துக் கழுவுதல். தொட்டி கட்டுவோர் அடியில் ஒரு வடிகுழாய் வைத்துத் தரையை அதன் பக்கம் சரித்துவிட்டால், காலி செய்வது எளிதாகும். வடிகுழாய் இல்லாத தொட்டி, நாளடைவில் கழுவப்படாத தொட்டியாகிவிடும்.

எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 1 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் 70 செ.மீ. ஆழமும் கொண்ட தொட்டியில் 420 லிட்டர் நீர் பிடிக்கும். நீர் மட்டுமே 420 கிலோ. அதனைப் பழைய வீட்டு மரத்தளத்தின் மீது ஏற்றக்கூடாது. தொட்டிக்குரிய இடம் கீழ்த்தளமே.

தரை

காத்தோங் வீடுகளின் ஓடுகளில் இருவகை உண்டு. பூக்கள் புடைத்தெழுந்து பளபளக்கும் மெருகு ஓடுகள் ஒருவகை. இங்கிலாந்து, பெல்ஜியம், பின்னர் ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து வந்த இவை சுவருக்கு உரியவை. மெருகிடாத, நிறக் கோலம் அமைந்த ஓடுகள் மற்றொரு வகை. இவை தரைக்கு உரியவை. முன்னோர் இடம் அறிந்து பதித்தனர். அழகாக இருக்கிறதென்று சுவர் ஓட்டைக் குளியலறைத் தரையில் பதிப்பது விபத்தை விலைக்கு வாங்குவதாகும். செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடும் காலப்போக்கில் வழவழப்பாகும் இயல்புடையது. கூடத்துக்கு அது சிறந்தது. நீர் கொட்டும் இடத்துக்குச் சொரசொரப்பான ஓடே ஏற்றது.

தமிழர் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளி விடியற்காலையிலும் மற்ற நாட்களிலும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இன்னும் நிலைத்திருக்கிறது. நல்லெண்ணெயும் நீரும் சேர்ந்த தரையில் இளையோரே தடுமாறுவர். முதியோர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். முன்னோர் மணையில் அமர்ந்து குளித்தனர். உட்கார்ந்து குளிப்பவர் விழுவதில்லை. சுவரை ஒட்டித் திண்ணை போன்ற ஓர் இருக்கை கட்டி, கை எட்டும் உயரத்தில் குழாயும், எழுந்திருக்கப் பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தால், அது பழைய முறைக்கும் பொருந்தும், முதியோர்க்கும் பயன்படும். கதவு வெளிப்புறம் திறப்பதாயிருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவு அவர்மீது முட்டி நிற்கும்.

தரை வடிகுழியை நோக்கி ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. அளவாவது சரிய வேண்டும். ஓடு பதிக்குமுன் நீர்புகாப் பூச்சைத் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் இடைவெளியின்றி இட வேண்டும். பூச்சு உலர்ந்தபின் வடிகுழியை அடைத்து நீரைத் தேக்கி, ஒரு நாள் முழுதும் கசிவு உண்டா எனப் பார்ப்பது நல்ல கொத்தனாரின் வழக்கம். இது புதுச் சிந்தனையன்று. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவில் கட்டிய பெருங்குளத்தில், நெருக்கமாக அடுக்கிய செங்கல்லுக்குப் பின்னே நிலக்கீல் பூசி நீரைத் தடுத்திருந்தனர். 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் குளம் நிலைத்தமைக்குக் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சும் ஒரு காரணம்.

சுவர்

காத்தோங் வீடுகளின் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது. அது ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். நாளடைவில் உப்புப் பூத்துச் சுவர் உதிரும். நீர் தெறிக்கும் உயரம் வரை நீர்புகாப் பூச்சும் ஓடும் போதும். அதற்கு மேலும், சுவரின் மறுபுறத்திலும், சுண்ணாம்புச் சாந்தே இருக்கட்டும். ஈரம் வெளியேற ஒரு வழி வேண்டும்.

மேல்மாடியில் குளியலறை வைத்தே தீர வேண்டுமாயின், பொறியாளரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மரச்சட்டங்களின் முனைகள் பொதுச் சுவருக்குள் புதைந்திருக்கும். அங்கு நீர் கசிந்தால் மரம் உளுத்துப்போகும், கறையானும் சேரும். கேடு வெளியில் தெரியும்போது சட்டம் பாதி போயிருக்கும். பாதுகாக்கப்பட்ட வீடாயின் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இசைவும் வேண்டும். இயன்றவரை உள்ளதைக் காத்தல், பொருந்துமாறு மீட்டல், கவனத்தோடு பழுது நீக்கல் என்பன அதன் மூன்று கொள்கைகள்.

வடிகுழியின் கீழே

கிணற்றடி நீர் வாழைக்குப் போயிற்று. நகரத்துக் குளியல் நீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. அந்தக் குழாயின் நாற்றமும் கிருமியும் அறைக்குள் வாராமல் தடுப்பது வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர் இலண்டனில் உரிமை பெற்ற கழிப்பிடத்தில் இவ்வளைவு இருந்தது. தரை வடிகுழியின் அடியிலும் இதே ஏற்பாடுதான்.

இந்த நீர் வற்றினால் என்ன ஆகும் என்பதை 2003-இல் ஹாங்காங் கண்டது. அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் 300-க்கு மேற்பட்டோர்க்கு சார்ஸ் நோய் பரவியது. குளியலறைத் தரைக் குழிகளில் நீர் வற்றியிருந்ததும், காற்றை வெளியேற்றும் விசிறிகள் குழாயிலிருந்த காற்றை உள்ளே இழுத்ததும் அதற்குக் காரணங்களென ஆய்வில் கருதப்பட்டது. தரையில் நீர் ஊற்றிக் குளிக்கும் பழைய முறையில் குழி வற்றுவதில்லை. விருந்தினர்க்கென வைத்துப் புழங்காத குளியலறையில்தான் ஆபத்து. அங்கு வாரம் ஒருமுறை ஒரு செம்பு நீராவது ஊற்ற வேண்டும். எண்ணெயும் சீயக்காய்த் தூளும் முடியும் திரண்டு குழியை அடைக்குமாதலால், எடுத்துக் கழுவக்கூடிய சல்லடை மூடி வேண்டும். கழிவுக் குழாய் வேலை உரிமம் பெற்றவர் செய்ய வேண்டியது.

மின்சாரமும் அவ்வாறே. முன்னோர் தவலையில் வெந்நீர் வைத்தனர். இன்று சுவரில் மின்கருவி தொங்குகிறது. மின்கசிவு நேர்ந்தால் உடனே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி, சிங்கப்பூரில் 1985-க்குப் பின் கட்டிய வீடுகளில் கட்டாயம். அதற்கு முற்பட்ட வீடுகளுக்கும் 2023 ஜூலையில் அது விதியாயிற்று. பொருத்திக்கொள்ள இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. பழைய காத்தோங் வீட்டை வாங்குவோர் ஓடு தேர்ந்தெடுக்குமுன் இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

காற்றும் வெளிச்சமும்

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மூடிய அறையில் துண்டு உலராது. ஓட்டின் இடுக்கில் பூசணம் படரும். காற்றுக் கிணற்றை அடைத்து அறையாக்கிவிட்டு, பின்னர் விசிறி வைத்து வருந்துவோர் உண்டு. முற்றம் திறந்திருக்கும் வீட்டில் குளியலறையை அதன் ஓரமாக அமைத்து, சுவரின் மேற்பகுதியில் மரச் சாய்பலகைகள் வைத்தால், மறைவும் கிடைக்கும், காற்றும் ஓடும்.

அடுக்குமாடி வீட்டில் முற்றம் இல்லை. அங்கும் சன்னலை மூடி மறைக்காதிருக்கலாம். குளிக்கும் பகுதியைச் சற்றே தாழ்த்தி மற்றப் பகுதியை உலர வைக்கலாம். அமர்ந்து குளிக்க இருக்கை கட்டலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய வீடுகளில், கட்டி முடித்த முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை ஓட்டைப் பெயர்க்கக்கூடாது என்பது விதி. அடியிலுள்ள நீர்புகாப் பூச்சைக் காப்பதே நோக்கம். ஒரு வீட்டின் தரை மற்றொரு வீட்டின் கூரை என்பதை அவ்விதி நினைவூட்டுகிறது.

குளியலறைக்குப் பணம் ஒதுக்குவோர், முதலில் சரிவுக்கும் பூச்சுக்கும் வடிகாலுக்கும் காற்றுக்கும் செலவிட்டு, மீதியைப் பூ ஓட்டுக்கு வைத்துக்கொள்வது முறை. காத்தோங் வீடுகளைக் கட்டியோர் அழகை முகப்பில் வைத்தனர். குளிக்கும் இடத்தை நீர் ஓடும் வழியில் வைத்தனர். அவர்கள் பேரப்பிள்ளைகளும் அந்த வரிசையைப் பின்பற்றினால், குளியலறை பல தலைமுறை நிற்கும். அதில் குளிக்கும் முதியவரும் குழந்தையும் நலமாக இருப்பர்.